வட சென்னையில் ஒரு கூட்டாளிக் காதலை எழுத என்ன தெரிந்திருக்க வேண்டும்?

கேட்டவர் கோயம்புத்தூர்க்காரர். சேர்ந்து தொழில் செய்யும் ஒரு ஆணும் பெண்ணும் மெல்ல ஒருவரையொருவர் விரும்பத் தொடங்கும் கதை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறார். இந்தக் காலத்துக் கதை. சின்ன ஊர்க் காதலின் நெருக்கம் அதில் இருக்க வேண்டும், ஆனால் களம் வட சென்னை. "கத்தி, ரத்தம், ரவுடி இல்லாமல் அந்த இடத்தை எழுத முடியுமா? வெளியில் இருந்து எழுதுகிறவன் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?" என்று கேட்டிருக்கிறார்.

முடியும். நான் காசிமேட்டுக்கு நடந்துபோகிற தூரத்தில் பிறந்தவன். மீன் வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக்கொடுப்பது 22 வருடமாக என் தொழில். துறைமுகத்துக்கு வெளியே ஒரு மேசை, ஒரு பெஞ்சு, பத்துப் பதினைந்து நோட்டு. யார் யாரோடு சேர்ந்து மீன் எடுக்கிறார்கள், யார் யாருக்குக் கடன் விட்டுக்கொடுக்கிறார்கள், யார் யாருடைய டீக்குக் காசு கொடுக்கிறார்கள் என்பதெல்லாம் அந்த நோட்டுகள் வழியாகத்தான் எனக்குத் தெரியவரும். உங்கள் கதைக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது என்று நினைப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் சின்ன ஊர் என்ற விஷயம். மாநகரத்துக்குள் சின்ன ஊர்க் கதை எப்படி என்று தயங்க வேண்டாம். வட சென்னை என்பது ஒரே ஊர் கிடையாது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, பழைய வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று வரிசையாகக் கோத்த ஊர்கள். திருவொற்றியூரும் கத்திவாக்கமும் மணலியும் தனித்தனி நகராட்சிகளாக இருந்து 2011இல்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தன. இங்கே ஒரு தெருவில் பிறந்தவர் அதே தெருவில் கல்யாணம் செய்து, அதே தெருவில் பேரன் பேத்தி பார்ப்பது சாதாரணம். உங்கள் நாயகி காலையில் வேறு ஒரு வண்டியில் வந்து இறங்கினால் மதியத்துக்குள் அவள் ஆயாவுக்குச் செய்தி போய்விடும். சின்ன ஊர்க் காதலுக்கு வேறு என்ன வேண்டும்?

இன்னொன்று, இது வேலையால் உண்டான இடம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்தில் இருந்துதான் கிளம்பியது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் 1918இல் பெரம்பூர்ப் பக்கத்து மில் தொழிலாளிகளால் உருவானது. அந்த பி அண்டு சி மில் 1996இல் மூடப்பட்டது. எங்கள் அப்பாக்களின் காலத்தில் தீப்பெட்டிக் கம்பெனி, லாரிக் கம்பெனி, டயர்க் கம்பெனி சங்கு ஊதினால் தெருவே எழுந்து நடக்கும். இப்போது நிரந்தர வேலை குறைந்துவிட்டது. பாதிப் பேர் கான்ட்ராக்டில், மீதிப் பேர் சொந்தமாக ஏதோ ஒன்று. அந்த "சொந்தமாக ஏதோ ஒன்று" இருக்கிறதே, அதில்தான் இன்றைக்குக் கூட்டாளிகள் அதிகம். எம்.சி. ரோட்டில் பாதிக் கடையை வாடகைக்கு எடுத்துத் தைக்கிறார்கள். வீட்டு மாடியில் ஆரி வேலை செய்கிறார்கள். சாயங்காலத்தில் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் கடை போடுகிறார்கள். ஒருவரிடம் முதல் இருக்காது, இன்னொருவரிடம் கைத்தொழில் இருக்காது. இரண்டும் சேர்ந்தால்தான் கடை.

நீங்கள் எந்தத் தொழிலை எடுத்தாலும் சரி, அதை மணிக்கணக்காகத் தெரிந்துகொண்டு எழுதுங்கள். எனக்குத் தெரிந்தது மீன், அதையே சொல்கிறேன்.

விசைப்படகு கடலுக்குப் போனால் ஒரு வாரம், பத்து நாள் கூடத் தங்கி வரும். ஃபைபர் படகு அன்றன்றைக்கு. படகு கரை சேர்ந்ததும் ஏலம். நடு இரவு தாண்டித் தொடங்கி விடிவதற்குள் பெரிய மீன் எல்லாம் கை மாறிவிடும். ஏலம் எடுப்பவர்களில் பெண்கள் நிறைய. ஒரு கூடை முழுவதையும் தனியாக எடுக்க முதல் இல்லாதவர்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து எடுத்துப் பிரித்துக்கொள்வார்கள். பெரிய மீன் எடை போட்டு விற்கும். பொடி மீன் கூறு கட்டி விற்கும். கூறு கட்டுவதிலும் கை வித்தை இருக்கிறது, நல்ல மீனைப் பார்வைக்கு மேலே வைத்தாலும் அடியில் ஏமாற்றக் கூடாது, அப்படி ஏமாற்றினால் வாங்கின ஆள் அடுத்த ஞாயிறு வராது. மீன் வாங்குகிறவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து செதில் எடுத்து வெட்டிக்கொடுத்துக் கூலி வாங்குகிறவர் இன்னொருவர். பார் ஐஸ் உடைக்கிறவர் தனி. கூடைகளை ஏற்றிக்கொண்டு போக மீன்பாடி வண்டி. முன்னால் பலகை, பின்னால் ஆள், மூன்று சக்கரம். வட சென்னை என்றாலே எனக்கு முதலில் கண்ணில் நிற்பது அந்த வண்டிதான்.

இந்த வேலையில் ஒருவர் உடம்பு இன்னொருவர் உடம்பை நம்பி இருக்கிறது. ஈரத் தரையில் 50 கிலோ கூடையை இரண்டு பேர் தூக்கும்போது ஒருவர் முன்னாலேயே கையை விட்டால் மற்றவர் கால் போச்சு. "தூக்கு" என்று சொல்லாமலே இரண்டு பேரும் ஒரே நொடியில் தூக்கப் பழகுவதற்குச் சில மாதம் ஆகும். அப்படிப் பழகிய இரண்டு பேரைப் பார்த்தாலே சந்தை புரிந்துகொள்ளும். அவர்களுக்கே அது புரிய இன்னும் நாள் ஆகும். உங்கள் கதையில் எனக்கு மிகவும் பிடிக்கப்போகும் பகுதி இதுவாகத்தான் இருக்கும்: ஊருக்குத் தெரிந்து, அவர்களுக்குத் தெரியாமல் இருக்கும் அந்த இடைக்காலம்.

நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். என்னிடம் ஒரு பெண் கணக்கு எழுத வருவாள். என் கடைசித் தங்கை வயது, அதனால் "வருவாள்" என்றே எழுதுகிறேன். ஏலத்தில் சங்கராவும் கிழங்கானும் எடுத்துத் தண்டையார்பேட்டைப் பக்கம் கொண்டுபோய் விற்பாள். வண்டி ஒரு பையனுடையது. அவளைவிட ஒன்றிரண்டு வயது பெரியவனாக இருப்பான். மதியம் கடை முடிந்ததும் என் மேசைக்கு வந்து செலவைச் சொல்வாள், நான் எழுதுவேன். ஏலம், ஐஸ், சுமைக் கூலி, வண்டி வாடகை 200, டீ 12. இரண்டு வருடம் இதே வரிசைதான். என் பேனா தானாகவே அந்த வரிசையில் போகும்.

ஒரு நாள் ஐஸுக்குப் பிறகு சுமைக் கூலி, அதற்குப் பிறகு நேராக டீ என்றாள். "வண்டி வாடகை சொல்லலியேம்மா?" என்றேன். "அத்த வுடுண்ணா" என்றாள், தலை நிமிராமல். வண்டி வராமல் இல்லை. நானே பார்த்தேன், அவன்தான் கூடைகளை இறக்கினான். மறுநாளும் வண்டி வாடகை வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. நான்காவது நாள் டீ 24 என்றாள்.

அவ்வளவுதான். பூ இல்லை, கடிதம் இல்லை, யாரும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. ஆனால் வாடகை வாங்குகிறவன் வண்டிக்காரன், வாடகை வேண்டாம் என்கிறவன் யார்? இந்தக் கேள்வியைத்தான் அன்றைக்கு வெட்டுக் கட்டையில் இருந்த அக்காக்கள் எல்லாரும் கேட்டார்கள். கூட்டாளிகளின் காதலை எழுதும்போது காசைக் கூச்சப்படாமல் எழுதுங்கள். காசு வந்தால் காதல் கெட்டுவிடும் என்று நிறையக் கதைகளில் நினைக்கிறார்கள். இங்கே யார் எந்தச் செலவை ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதில்தான் மனசு முதலில் வெளியே தெரியும். தண்டல்காரருக்குத் தினமும் கட்ட வேண்டிய காசை ஒரு நாள் மற்றவர் சத்தமில்லாமல் கட்டிவிட்டால், அது பெரிய காட்சி. தண்டல் என்றால் தெரியும்தானே, முதலில் வட்டியைப் பிடித்துக்கொண்டு கொடுத்து, பிறகு நாள் தவறாமல் வந்து வசூலிக்கும் கடன். அந்தச் சின்ன அட்டையில் விழும் ஒவ்வொரு கையெழுத்தும் உங்கள் நாயகியின் கழுத்தில் இருக்கும் சுமை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பேச்சு. வெளியூர்க்காரர்கள் எழுதும்போது எல்லாரையும் "இன்னா", "கீது", "குந்து" என்றே பேசவைக்கிறார்கள். அப்படி எல்லாரும் பேசுவதில்லை. ஆயா பேசுவது போல் அம்மா பேச மாட்டார், அம்மா பேசுவது போல் கல்லூரி படித்த பெண் பேச மாட்டாள், அவளே ஏலத்தில் நிற்கும்போது ஒரு மாதிரி, பேங்கில் நிற்கும்போது ஒரு மாதிரி பேசுவாள். எங்கள் பேச்சில் தெலுங்கில் இருந்து வந்த "நைனா" இருக்கும், உருதில் இருந்து வந்த "பேஜார்" இருக்கும், "குந்து" என்பதோ பழைய தமிழ். கலந்து பேசுகிறோம் என்று வெட்கப்பட்டதில்லை. நீங்கள் வசனத்துக்கு உப்பு போலப் போட்டால் போதும்.

பேச்சை விட முக்கியமானது, ஒருவரையொருவர் எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பது. சேர்ந்து வேலை செய்யும் ஆணைப் பெண் "ண்ணா" என்றுதான் கூப்பிடுவாள். வயது, உறவு எதுவும் பார்க்காத பொதுச் சொல் அது, பாதுகாப்பான சொல்லும் கூட. சிக்கலே அங்கேதான். மனசு மாறியபிறகு அந்த "ண்ணா" வாயில் வராது. வேறு பெயர் சொல்லிக் கூப்பிடவும் முடியாது, எல்லாரும் கவனிப்பார்கள். அதனால் கொஞ்ச நாள் எதுவுமே சொல்லாமல் பேசுவார்கள். "தோ, அந்தக் கூடை." "இந்தா, சில்லறை." பிறகு "பா" வரும். "தூக்குப்பா." அவன் பக்கத்தில் "ம்மா" என்பது எப்போதாவது "மே" ஆகும். "இன்னாமே, சாப்ட்டியா?" என்று அவன் முதல் முறை கேட்கும் இடத்தை நீங்கள் பார்த்து வைக்க வேண்டும். அந்த "மே" கோபத்திலும் வரும், நெருக்கத்திலும் வரும். உரிமை இல்லாத ஆள் சொன்னால் செருப்பு பிஞ்சிடும். மூன்றாம் மனிதரிடம் பேசும்போது அவளை அவனும், அவனை அவளும் "அது" என்பார்கள். பக்கத்துக் கடைக்காரர்களோ "உன் ஆளு வருது" என்று ஆரம்பித்துவிடுவார்கள். "உன் ஆளு" என்று முதலில் யார் சொல்கிறார்கள், அதற்கு இவர்கள் மறுக்கிறார்களா, சும்மா இருக்கிறார்களா என்பதை வைத்தே ஒரு முழு அத்தியாயம் எழுதலாம்.

அடுத்தது காலண்டர். கதையில் பிரிவு வேண்டும் என்றால் வெளிநாட்டு வேலை, விபத்து என்று எங்கேயும் போக வேண்டாம். ஏப்ரல் 15 வந்தாலே போதும். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் அன்று தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். மீன் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்காக விடும் காலம். முன்பு 45 நாளாக இருந்தது. அந்த இரண்டு மாதம் துறைமுகம் வேறு இடம் போல இருக்கும். படகுகளைக் கரையில் ஏற்றிப் பெயின்ட் அடிப்பார்கள், இன்ஜின் பிரிப்பார்கள், வலை பின்னுவார்கள். ஃபைபர் படகு மீனும், மேற்குக் கரையில் இன்னும் தடை தொடங்காததால் கேரளத்தில் இருந்து லாரியில் வரும் மீனும் கொஞ்சம் இருக்கும். ஆனால் நடு இரவு ஏலம் இல்லை. ஏலம் இல்லையென்றால் விடியற்காலை மூன்று மணிக்கு இரண்டு பேர் சந்திக்கக் காரணம் இல்லை.

இதை நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பையன் தடைக்காலத்தில் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றப் போய்விட்டான். அவள் வீட்டுப் பக்கம் ஏதோ கருவாட்டு வியாபாரம். வேலை இருந்தவரை தினமும் எட்டு மணி நேரம் பக்கத்தில் நின்றவர்கள், வேலை நின்றதும் ஒருவர் வீட்டுத் தெருவுக்கு மற்றவர் போக முடியாது. போனால் எதற்கு வந்தாய் என்று கேட்பார்கள், சொல்ல பதில் கிடையாது. மே மாத வெயிலில் ஒரு நாள் அவன் என் மேசைக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். சவாரி எல்லாம் எப்படி என்று நான் கேட்டதற்கு ஏதோ சொன்னான். வெகு நேரம் கழித்து, "அது இந்தப் பக்கம் வந்துச்சாண்ணா?" என்றான். பெயர் சொல்லவில்லை. "இல்லப்பா, தடை முடிஞ்சாத்தானே" என்றேன். சரி என்று எழுந்து போனான். வண்டியை மிதித்துக் கிளப்ப மூன்று முறை ஆனது அவனுக்கு.

ஜூன் 14 நள்ளிரவு படகுகள் கிளம்புவதைப் பார்க்க அவனும் வந்திருந்தான். கடலுக்குப் போகிறவன் கிடையாது, வண்டிக்காரன், அவனுக்கு அங்கே வேலையே இல்லை. இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

தடைக்காலத்தைப் போல மற்ற மாதங்களுக்கும் குணம் உண்டு. புரட்டாசியில் சென்னையில் நிறையப் பேர் கவிச்சி தொட மாட்டார்கள். கூட்டம் குறையும், பேச நேரம் கிடைக்கும், கூடவே கடனும் ஏறும். ஆடியில் தெருவுக்குத் தெரு அம்மனுக்குக் கூழ். ராயபுரம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்கள் தவக்காலத்தில் கறியைத் தள்ளிவைப்பார்கள். வடகிழக்குப் பருவமழையில் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏறினால் படகு போகாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதே, அதைச் சென்னைக்கு வெளியே பலர் மறந்துவிட்டார்கள். படகு, வலை, அலையாத்திச் செடி, கொக்கின் இறகு எல்லாம் கறுப்பு. மீனவர்கள் வெறும் கையால் எண்ணெயை வாரினார்கள். கையைச் சோப்பு போட்டுத் தேய்த்தாலும் நகக்கண்ணில் இருந்து போகவில்லை என்று என்னிடம் காட்டிய ஆட்கள் உண்டு. உங்கள் கதை அந்த வருடத்தில் நடந்தால் இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். நாசமான வலையை வெட்டி வீசுவதா, கழுவிப் பார்ப்பதா என்று இரண்டு கூட்டாளிகள் உட்கார்ந்து யோசிக்கும்போது அவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்பது தெரிந்துவிடும்.

திருவொற்றியூருக்குக் கட்டாயம் போங்கள். காதல் கதை எழுதுகிறவர் அந்தக் கோயில் மகிழ மரத்தடியில் சற்று உட்கார வேண்டும். சேக்கிழார் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சங்கிலியார் இறைவனுக்குப் பூத்தொடுக்கும் தொண்டு செய்துவந்தார். தொடுத்த மாலையைக் கொடுக்கத் திரைக்கு வெளியே வந்த நொடியில்தான் சுந்தரர் அவரைப் பார்த்தார். கைவேலையின் நடுவில் வந்த காதல். சங்கிலியார் கேட்ட சத்தியம் என்ன? உன்னைப் பிரியேன் என்பது. சுந்தரர் சாமர்த்தியமாகச் சன்னதியில் சத்தியம் செய்யப்போகும் நேரத்தில் நீர் மகிழ மரத்துக்குப் போய்விடும் என்று சிவனிடம் கேட்டுக்கொள்ள, சிவனோ சங்கிலியாரின் கனவில் போய் மகிழ மரத்தடியிலேயே சத்தியம் வாங்கச் சொல்லிவிட்டார். வசந்தம் வந்தது, சுந்தரருக்குத் திருவாரூர் நினைப்பு வந்தது, கிளம்பினார், ஊர் எல்லையில் கண் போயிற்று. இன்றும் மாசித் திருவிழாவில் மகிழடி சேவை நடக்கிறது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்தப் பகுதியில் காதலின் பெரிய கேள்வி இன்றும் அதுதான். இருப்பாயா, போய்விடுவாயா? உங்கள் கூட்டாளிகளில் ஒருவருக்கு ஒரகடத்திலோ துபாயிலோ நல்ல சம்பளத்தில் வேலை வரட்டும். போனால் காதல் முறியாது, ஃபோன் இருக்கிறது. ஆனால் கடை முறிந்துவிடும். ஒரு ஆள் தூக்க முடியாத கூடை அது. காதலன் போனால் அழுதுவிட்டு இருக்கலாம், கூட்டாளி போனால் நாளை காலை ஏலத்துக்கு யார் நிற்பது? இரண்டும் ஒரே ஆளாக இருக்கும்போது வருகிற வலியை வேறு எந்த வகைக் காதல் கதையாலும் கொடுக்க முடியாது. வில்லனே தேவையில்லை.

வில்லன் என்றதும் உங்கள் முதல் கேள்வி. இங்கே அடிதடி நடந்ததே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் விடியற்காலையில் வேலைக்கு எழுகிற ஆயிரக்கணக்கான பேரை விட்டுவிட்டு ஒரு சிலரை மட்டுமே திரும்பத் திரும்பக் காட்டியதால் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன ஆயிற்று தெரியுமா? நேர்முகத் தேர்வில் முகவரி சொல்லும்போது குரல் இறங்குகிறது. தென் சென்னையில் வீடு கேட்டால் "எந்த ஏரியா?" என்று கேட்டுவிட்டு மௌனமாகிறார்கள். என் அக்கா மகன் படித்தவன், பாரிமுனையைத் தாண்டித் தெற்கே போய்விட்டால், சொந்த ஊர் எது என்று கேட்கிறவர்களிடம் "சென்னை" என்பதோடு நிறுத்திக்கொள்வான். எனக்கு அது ஆறாத வருத்தம். உங்கள் கதையில் வன்முறை வேண்டும் என்றால் இந்த மௌனத்தை எழுதுங்கள், அதுவும் வன்முறைதான்.

வீட்டு எதிர்ப்பு இருக்கும். சாதி இங்கே இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மீனவர் குப்பத்துக்கு ஊர்ப் பஞ்சாயத்து உண்டு, பக்கத்துத் தெருவுக்கு வேறு கணக்கு உண்டு, தெலுங்குக் குடும்பங்கள், முஸ்லிம் குடும்பங்கள், ராயபுரத்தில் ஆங்கிலோ இந்தியர், பார்சிகளின் அக்னிக் கோயில் கூட உண்டு. எல்லாரும் ஒன்றாக வியாபாரம் செய்வோம், ஒன்றாகச் சாப்பிடுவோம், பெண் கொடுப்பது என்றால் வாசலில் நிற்போம். இதில் கதைகளில் வரும் ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். இரண்டு மதத்தவர் ஓடிப்போய் ஒரே நாளில் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்துகொள்வதாக எழுதுகிறார்கள். 1954ஆம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் அது முடியாது. நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும், அந்த நோட்டீஸை அலுவலகத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டுவார்கள். யோசித்துப் பாருங்கள், ஊருக்குள் எல்லாரையும் தெரிந்த இரண்டு பேரின் பெயர் 30 நாள் சுவரில் இருப்பதை. இருவரும் இந்துக்களாக இருந்தால் அண்ணா ஆட்சியில் வந்த சுயமரியாதைத் திருமணச் சட்டத் திருத்தம் இருக்கிறது. புரோகிதர் வேண்டாம், உறவினரோ நண்பர்களோ முன்னால் இருக்க, மாலை மாற்றினாலோ மோதிரம் போட்டாலோ தாலி கட்டினாலோ செல்லும். பிறகு பதிவு செய்துகொள்ள வேண்டும்.

எங்கே சந்திப்பார்கள் என்று கேட்பீர்கள். தனிமை என்ற ஒன்று இங்கே விலை கொடுத்தாலும் கிடைக்காது. அகஸ்தியா தியேட்டர் இருந்தது, 2020இல் மூடிவிட்டார்கள். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள் எண்ணூர் போகும் சாலை நெடுக இருக்கின்றன, சாயங்காலம் அங்கே உட்காரலாம், ஆனால் போகிற லாரியில் பாதி டிரைவர்கள் தெரிந்தவர்களாக இருப்பார்கள். மெட்ரோ வந்தது பெரிய மாற்றம். வண்ணாரப்பேட்டையில் இருந்து விம்கோ நகர் வரையிலான பாதையைத் திறந்தது 2021 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்று. திட்டமிட்டுச் செய்தார்களா தெரியாது, பிள்ளைகள் அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். மீன் வாடை போகக் குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு, டோல்கேட்டில் ஒருவர், காலடிப்பேட்டையில் ஒருவர் ஏறி, தெரியாதவர்கள் போல் எதிரெதிரே உட்கார்ந்து விமான நிலையம் வரை போய்த் திரும்பும் ஜோடிகளை நானே பார்த்திருக்கிறேன். மீன் வாடை என்றேன் அல்லவா, அதைக் கேலியாக எழுதிவிடாதீர்கள். ஒரே தொழிலில் இருப்பவர்களுக்கு அது தெரியாது. ஒருவர் மேல் ஒருவருக்கு அது வீட்டு வாசம்.

அந்த இருவரைப் பற்றி மீதியையும் சொல்லிவிடுகிறேன், பாதியில் விட்டால் கேட்பீர்கள். தடை முடிந்த முதல் வாரமே அவள் வீட்டில் பேசிவிட்டாள். ஆறு மாதம் இழுத்தது. அவள் நைனா ஏலக் கூடத்துக்கே வந்து அவனைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அவர் போனபிறகு அவன் கூடையைத் தூக்க, அவள் எதிர்ப்பக்கம் பிடித்தாள், இரண்டு பேரும் சொல்லி வைத்தது போல ஒரே நொடியில் தூக்கினார்கள். தெருமுனையில் நின்று அவர் அதைப் பார்த்ததாகப் பிறகு சொன்னார்கள். தையில் கல்யாணம்.

கல்யாணம் ஆகி நாலாவது நாள் இருவரும் ஏலத்துக்கு வந்துவிட்டார்கள். மதியம் அவள் என் மேசைக்கு வந்து புது நோட்டு ஒன்றை வைத்தாள். முதல் பக்கத்தில் மஞ்சள் தடவி இருந்தது. ஏலம் சொன்னாள், ஐஸ் சொன்னாள், சுமைக் கூலி, டீ 24. எழுதிவிட்டு மூடப் போனேன்.

"வண்டி வாடகை எழுதுண்ணா" என்றாள்.

நிமிர்ந்து பார்த்தேன். "அதான் வேணான்னியேம்மா?"

"அப்போ வேணான்னேன். இப்போ எழுது. 200. அது ஒழைச்ச காசு, நான் எப்படி அத்த இல்லன்றது?"

எழுதினேன். அவன் அந்தப் பக்கம் வண்டியின் பலகையைக் கழுவிக்கொண்டிருந்தான், இது எதுவும் அவன் காதில் விழவில்லை. அவள் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு விரலால் அடுத்த வரியைக் காட்டி, "கீழ என் கூலியும் போடு" என்றாள்.

எவ்வளவு என்று கேட்டேன்.

"அத்தயும் 200 போடுண்ணா."